ராஷ்ட்ரபாஷா வரைக்கும்

கமுதியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக ஒரு பத்துப் பேரைப் பிடித்து, "ஹிந்தி தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அதில் இரண்டு பேராவது "தெரியும்" என்றும் சொல்லாமல், "தெரியாது" என்றும் சொல்லாமல், "ராஷ்ட்ரபாஷா வரைக்கும்" என்பார்கள். இன்னொருத்தர் கொஞ்சம் குரலை இறக்கிக் கொண்டு, "மத்யமா வரைக்கும்" என்பார்.

அது என்ன 'வரைக்கும்'? யாராவது "நான் சைக்கிள் ஓட்ட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கத்துக்கிட்டேன்" என்று சொல்வார்களா? "நீச்சல் இடுப்பளவு தண்ணி வரைக்கும் தெரியும்" என்பார்களா? பாஷைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. எந்த ஸ்டாப்பிங்கில் வேண்டுமானாலும் இறங்கிக் கொள்ளலாம்; இறங்கின ஸ்டாப்பிங்கின் பெயரையே பட்டம் மாதிரி ஆயுசு முழுக்கச் சொல்லிக் கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இந்த 'வரைக்கும்' இப்போது பெரிய பஞ்சாயத்தாகி விட்டது. பாஷை ஹிந்தி இல்லை, ஜெர்மன்! ஆள் என் அக்கா மகள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஹிந்தியை முடித்து விடுகிறேன். (அந்தக் காலத்தில்தான் முடிக்கவில்லை, இங்கேயாவது!)

தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபா சென்னையில் 1918-ல் ஆரம்பமானது. காந்திஜி ஆரம்பித்தது. முதல் வாத்தியாராகத் தன் மகன் தேவதாஸையே அனுப்பி வைத்தார். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விசாரத் பூர்வார்த், விசாரத் உத்தரார்த், பிரவீண் பூர்வார்த், பிரவீண் உத்தரார்த் என்று எட்டுப் படி. வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை. ஒன்றிலும் தவறாமல் ஏறினால் நாலு வருஷத்தில் உச்சிக்குப் போய் விடலாம். ஏறினவர்கள் உண்டு. எங்கள் தெருவில் இல்லை.

1968-லிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இரண்டு மொழிதான். ஏன், எதற்கு என்று இந்தப் பக்கத்தில் பேச ஆரம்பித்தால் இரண்டு தரப்பிலிருந்தும் சாக்கு மூட்டையில் கடிதம் வரும். நமக்கெதற்கு வம்பு! விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஹிந்தி, வீட்டுத் திண்ணைகளில் டியூஷனாகக் கிடைத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஹிந்தி டீச்சர் வீட்டுத் திண்ணையில் இருபது வால்கள் உட்கார்ந்து, "யஹ் க்யா ஹை? யஹ் கலம் ஹை!" என்று கத்தினால் குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

பிராத்மிக் வரைக்கும் கவலை இல்லை. மத்யமாவில்தான் ஆண்பால், பெண்பால் வந்து குறுக்கே விழுந்தது. தண்ணீர் ஆண்பாலாம். ரயில் பெண்பாலாம். போகட்டும், எங்கள் ஊரில் ரயிலே கிடையாது. பரமக்குடிக்கோ அருப்புக்கோட்டைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் மீசை பெண்பால் என்றார் டீச்சர்! ராமநாதபுரம் ஜில்லாவில் உட்கார்ந்து கொண்டு இதைச் சத்தமாகப் படிக்க முடியுமா? தெருவில் போன பெரியவர் ஒருத்தர் நின்று, "என்னத்தா சொல்றாக இந்தப் பயலுக?" என்று டீச்சரைக் கேட்டுவிட்டு, மீசையைத் தொட்டுப் பார்த்துக் கொண்டே போனார்.

ராஷ்ட்ரபாஷா பாஸாகி சர்ட்டிபிகேட் வந்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தேன். பத்தாவது வந்தால் ஹிந்தி நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். பத்தாவது முடிந்ததும் திரும்பப் போகலாம் என்பதும் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது ஷரத்தை யாரும் அமல்படுத்தியதில்லை. பத்தாவது முடிந்த மறுநாள் அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். "பிரவேசிகா?" என்றேன். "வேலை கிடைச்சா பிரவேசிக்கலாம்" என்றார்.

லோயர், அப்புறம் ஹையர். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தையிலிருந்து நாற்பத்தைந்து. அந்தப் பதினைந்து வார்த்தைதான் எனக்கு அரசாங்க ஆபீசில் நாற்காலி போட்டுக் கொடுத்தது. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தது. சொந்தமாக ஓட்டு வீடு கட்ட வைத்தது. பிரவேசிகா அன்றைக்கு நின்றதில் எனக்குக் கடுகளவும் வருத்தம் கிடையாது. எனக்கு இருந்த சாயங்காலம் ஒன்றே ஒன்று. அதில் இரண்டு கிளாஸ் வைக்க முடியாது.

இதில் பெரிய ஆசாமிகள் துணை இருக்கிறார்கள். எட்டுப் படி கட்டிக் கொடுத்தாரே காந்திஜி, அவரே தமிழில் 'வரைக்கும்' கட்சிதான்!

தென்னாப்பிரிக்காவில் அவரைச் சுற்றி இருந்த ஒப்பந்தத் தொழிலாளிகளில் தமிழர்கள் அதிகம். அவர்களோடு பேசத் தமிழ் வேண்டும். 1896-ல் டர்பனிலிருந்து கல்கத்தாவுக்கு 'பொங்கோலா' என்ற கப்பலில் வருகிறார். கப்பல் டாக்டர் ஒரு தமிழ் சுயபோதினி கொடுக்கிறார். அலை ஆட்ட ஆட்ட அ, ஆ படிக்கிறார். இந்தியாவில் இறங்கினதும் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று ஆசை. முடிந்ததா? இறங்கினதிலிருந்து வேலை, வேலை, வேலை. தமிழ் நின்று விட்டது. அப்புறம் எப்போது எடுத்தார் என்றால், தென்னாப்பிரிக்க ஜெயிலில்! உள்ளே போனால் தமிழ்ப் புத்தகம் திறக்கும், விடுதலையானால் மூடும். தமிழ் வாசிக்க வரும், பேச வரவில்லை, அதுவும் பழக்கம் விட்டுத் துருப் பிடிக்கிறது என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை ஆரம்பித்தபோது அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாத்தியார் யார் தெரியுமா? இந்தக் குஜராத்திக்காரர்தான்! போப் துரை எழுதின தமிழ்க் கையேட்டைத் தாண்டி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். எழுத்தே தெரியாது. எழுத்தையும் கொஞ்சம் இலக்கணத்தையும் இவர் சொல்லிக் கொடுத்தார். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது இவரைப் பார்க்க வந்தால், அந்த மாணவர்களே வாத்தியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள்! வாத்தியாருக்கு எழுத்து, பிள்ளைகளுக்குப் பேச்சு. இரண்டு அரையும் சேர்ந்து ஒரு முழுத் தமிழ். நடுவழியில் நின்ற பாஷை உதவாது என்கிறவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

என் ஹிந்திக்கும் ஒரு நாள் உதவி செய்ய வாய்ப்பு வந்தது. கமுதிக்குப் பக்கத்தில் செங்கப்படையில் 648 மெகாவாட்டுக்கு சூரிய மின் நிலையம் போட்டார்களே, 2016-ல் வேலை முடிந்ததே, அந்த சமயம். கருவேலங்காட்டுக்கும் மிளகாய்க் காட்டுக்கும் நடுவே வடக்கத்திப் பையன்கள் நிறைய வந்து இறங்கினார்கள். டீக்கடையில் ஒரு பையன் வந்து, பஸ் ஸ்டாண்டு எங்கே என்று ஹிந்தியில் கேட்டான். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் 'வரைக்கும்' ஆசாமி என்பது அவருக்குத் தெரியும்.

முப்பத்தேழு வருஷம் தூங்கின ஹிந்தி எழுந்து உட்கார்ந்தது. "ஆப் ஸீதே ஜாயியே. ஆகே ஜாகர் பாயீ ஓர் முடியே" என்றேன். ('முடியே' என்றால் தலைமுடி இல்லை, திரும்புங்கள் என்று அர்த்தம்.) பையன் அசந்து போய் நின்றான். அப்புறம் சிரித்தான். தூர்தர்ஷனில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்ததாம்! தெருவில் யாரும் அப்படிப் பேச மாட்டார்களாம். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தான். டீ எவ்வளவு என்று அடுத்தாற்போல் ஒருத்தன் கேட்டதற்குத்தான் விரலைக் காட்ட வேண்டியதாயிற்று. பத்துக்கு மேல் எண்கள் ஒன்றுகூட மிச்சமில்லை.

எது தங்குகிறது, எது ஓடிப் போகிறது என்பதை அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்ற மனோதத்துவப் பேராசிரியர் உட்கார்ந்து அளந்திருக்கிறார். பள்ளியிலோ கல்லூரியிலோ ஸ்பானிஷ் படித்துவிட்டு நிறுத்திய 733 பேர். நேற்று நிறுத்தியவரிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நிறுத்தியவர் வரை. எல்லோருக்கும் பரீட்சை வைத்து 1984-ல் முடிவை வெளியிட்டார். நிறுத்தின முதல் மூன்றிலிருந்து ஆறு வருஷத்துக்குள் மறக்கிறதெல்லாம் மறந்து விடுகிறது. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு அசையாமல் அப்படியே கிடக்கிறதாம். உறைந்து போன சரக்கு. இன்னொன்றும் கண்டுபிடித்தார்: நிறுத்துவதற்கு முன்னால் யார் கூடுதலாகப் படித்துத் தேறியிருந்தார்களோ, அவர்களுக்கு அந்தச் சரக்கும் கூடுதலாக இருந்தது.

ஆகக்கூடி, நிறுத்தலாமா கூடாதா என்பது பெரிய கேள்வி இல்லை. எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. இதை வைத்துத்தான் என் அக்கா வீட்டுப் பஞ்சாயத்தில் நான் பேசினேன்.

அக்கா மகள் நர்ஸிங் படித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா இல்லை. ஜெர்மனியில் நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு, பாஷை தெரிந்தால் கூப்பிட்டுக் கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெர்மன் கிளாஸில் சேர்ந்தாள். அங்கேயும் படிதான்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. நர்ஸ் வேலைக்கு முழு அங்கீகாரம் வேண்டுமென்றால் பொதுவாக பி2 வரைக்கும் வேண்டும். பரீட்சை வைக்கிற ஜெர்மன் நிறுவனத்துக்கு இந்தியாவில் மாக்ஸ்முல்லர் பவன் என்று பெயர். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமலேயே சம்ஸ்கிருதத்தைக் கரைத்துக் குடித்த ஜெர்மன்காரரின் பெயர் அது. எங்கள் பெண் அதற்கு நேர் எதிர். ஜெர்மனிக்குப் போகத்தான் படிக்கிறாள்.

கிளாஸுக்குப் பணம்? அக்காவின் ஆறு பவுன் பாங்க்குக்குப் போனது.

ராத்திரி டூட்டி முடித்து வந்து, காலை ஆறு மணிக்கு செல்போனில் கிளாஸ். ஜெர்மனில் மூன்று பால். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. "சின்னப் பொண்ணு என்ன பால் தெரியுமா மாமா? அதுவும் ரெண்டும் இல்லை!" என்றாள். மீசையைப் பெண்ணாக்கின ஹிந்தியே தேவலை போலிருந்தது. அப்படியும் ஏ1, ஏ2 இரண்டையும் தாண்டி விட்டாள். பி1 நடந்து கொண்டிருக்கும்போது பாங்க்கிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு வருஷக் கெடு முடியப் போகிறது. நகையை மீட்காவிட்டால் ஏலம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், "நான் ஜெர்மனை நிறுத்தப் போறேன். கிளாஸ் நேரத்துல எக்ஸ்ட்ரா டூட்டி பாத்தா ஒரு வருஷத்துல அம்மா நகையை மீட்டுருவேன். அதுக்கப்புறம் படிச்சுக்கிறேன்" என்றாள்.

அக்கா அழுதே விட்டாள். "பாதிக் கிணறு தாண்டுற மாதிரி ஆயிருச்சே தம்பி! இம்புட்டுப் பணமும் தண்ணியில போட்டதா?" சித்தப்பா முறை ஒருத்தர், "அப்பவே சொன்னேன், கல்யாணத்தைப் பண்ணி வைங்கன்னு" என்று தன் பழைய பாட்டை எடுத்தார். இன்னொருத்தர், "படிச்சா ஒரே மூச்சுல படிக்கணும். விட்டா வராது" என்றார். அவர் மத்யமா வரைக்கும் படித்தவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரிட்டயர் ஆனவன் என்றால் தீர்ப்புச் சொல்ல நேரம் இருக்கும் என்று நினைப்பு!

"அக்கா, பாஷை கிணறு இல்லை, தாண்டுறதுக்கு. ஊருணிப் படிக்கட்டு. எந்தப் படியில நின்னாலும் அந்தப் படிக்கு எட்டுன தண்ணியை மொண்டுக்கலாம். ஆனா ஒரு காலு இந்தப் படியிலயும் ஒரு காலு அந்தரத்துலயும் நின்னா வழுக்கும். பாப்பா, நீ நிறுத்து. தாராளமா நிறுத்து. பி1 பரிச்சைக்கு இன்னும் எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம் மாமா."

"ரெண்டு மாசம் கழிச்சு நிறுத்து."

"நோட்டீஸ் கெடு பதினெட்டு நாள்ல முடியுது மாமா" என்றாள். பஞ்சாயத்து கப்சிப்.

அவள் சொன்னதுதான் நியாயம். பாரிக்கின் 733 பேருக்கு யாரும் ஏல நோட்டீஸ் அனுப்பவில்லை. 'இடையில் நிறுத்தாதே' என்று புத்திமதி சொல்வது ரொம்ப சுலபம். சொல்கிறவருக்கு அதில் ஒரு பைசா செலவு கிடையாது. ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம்தான், அதில் அவள் பன்னிரண்டு மணி நேரம் நின்று கொண்டே இருக்கிறாள். மிச்சத்தில்தான் தூக்கமும் ஜெர்மனும் வட்டியும் சண்டை போட வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். முழுப் பணத்தையும் கட்டி நகையை மீட்டு, இரண்டு நாள் கழித்து அதே பாங்க்கில் திரும்ப வைப்பது. புதுசாக ஒரு வருஷம் கெடு கிடைக்கும். இடையில் அந்த இரண்டு நாளைக்கு மட்டும் கைமாற்றுப் பணம் வேண்டும். என் ரிட்டயர்மெண்ட் பணத்தில் கொஞ்சம் பாங்க்கில் தூங்கிக் கொண்டிருந்தது, அதை எழுப்பினேன். "ஏங்க, ரெண்டு நாள்னா ரெண்டே நாள்தானே?" என்று என் மனைவி மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்பதற்குள் பணம் திரும்பி வந்து விட்டது. வட்டி மட்டும் பெண்ணின் சம்பளத்திலிருந்து போனது. அதை நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "வேண்டாம் மாமா, அது என் கணக்கு" என்று சொல்லி விட்டாள்.

பி1 பரீட்சையில் நாலு பகுதி: படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது. தனித்தனியாகவும் எழுதலாம், விட்டதை மட்டும் திரும்ப எழுதலாம். நல்ல ஏற்பாடு. நம் ஊர்ப் பரீட்சைகளுக்கும் இந்தப் புத்தி வந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கும்! சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். மூன்று பகுதி பாஸ். பேசுவதில் போய் விட்டது.

"இவ பேசாமயா பெயிலாப் போனா?" என்று அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் அவள் வாய் மூடினால்தான் காக்கா கத்துவது கேட்கும்.

மறுநாளே கிளாஸுக்கு நின்று கொள்கிறேன் என்று எழுதிப் போட்டு விட்டாள். கிளாஸ்காரர்கள் இரண்டு தடவை போன் செய்து, இப்போது விட்டால் எல்லாம் மறந்து போகும், அடுத்த கட்டத்துக்கு இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார்களாம். மறதியைப் பற்றி முதன்முதலில் ஆராய்ந்து 1885-ல் புத்தகம் போட்டவரே எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர்தான். மறந்து போனதைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரம் போதும் என்று தன் மேலேயே சோதித்து எழுதி வைத்திருக்கிறார். கிளாஸ்காரர்கள் அதை ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. தள்ளுபடியில் மறந்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என் ராஷ்ட்ரபாஷா சர்ட்டிபிகேட்டுக்குக் காலாவதி கிடையாது. டிரங்குப் பெட்டியில் நாப்தலின் உருண்டை வாசனையோடு இன்னும் செல்லுபடியாகும். ஜெர்மன் சர்ட்டிபிகேட்டிலும் காலாவதித் தேதி என்று ஒன்று கிடையாது. ஆனால் வேலைக்கு எடுக்கிற சில இடங்களில், 'ரொம்பப் பழசு வேண்டாம், சமீபத்தில் எழுதினது கொண்டு வா' என்பார்களாம். அதனால் பாப்பா தன் காலண்டரில் அடுத்த வருஷம் ஒரு மாதத்தைச் சுழித்து வைத்திருக்கிறாள். பேச்சுப் பகுதியை அப்போது எழுதி முடித்துவிட்டு, அப்புறம் பி2. எங்கள் காலத்துச் சட்டத்தில் அமலுக்கு வராத அந்த இரண்டாவது ஷரத்துக்கு இவள் தேதியே குறித்து விட்டாள்.

இப்போது மாதத்துக்கு எட்டு எக்ஸ்ட்ரா டூட்டி. காலை ஆறு மணிக்குத் தூங்குகிறாள். ஒரு நாள் போன் செய்து, "மாமா, ஜெர்மன்ல கனவு வந்துச்சு" என்றாள். "என்ன பேசின?" என்றேன். "நான் எங்க பேசினேன்? அவங்கதான் பேசினாங்க. எல்லாம் புரிஞ்சுது!"

போன வாரம் இரண்டு பவுன் வீட்டுக்கு வந்தது. நாலு பவுன் இன்னும் பாங்க்கில் இருக்கிறது.